மனநல மருத்துவப் பேராசிரியர் நோயாளிகளைப் பார்ப்பாரா, பாடம் மட்டும்தானா?

மனநல மருத்துவம் படித்துவிட்டு ஆசிரியராகப் போனால் சிகிச்சை தருவது நின்றுவிடுமா என்பது கேள்வி. நிற்காது. நோயாளியைப் பார்க்காமல் இந்தப் பாடத்தை நடத்தவே முடியாது.

நம் வேலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். சி.எம்.சி. எனும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. 1950-களில் அதற்கு வித்திட்டவர் கனடாவைச் சேர்ந்த டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ். சேர்க்கப்படும் நோயாளியுடன் வீட்டாரும் தங்குவது அங்கே நெடுநாள் வழக்கம். கற்பிப்பவருக்கு இது பெரிய வசதி. நோயாளி "தூக்கமே இல்லை, நெஞ்சு படபடக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஆறு மாதமாக அவர் வேலைக்குப் போகவில்லை என்பதை அம்மாதான் சொல்வார். இரண்டையும் சேர்த்துக் கேட்கப் பழக்குவதுதான் ஆசிரியரின் முக்கால்வாசி வேலை. மாணவர் குறுக்கே பேசினால் அப்புறம் தனியாகக் கூப்பிட்டுத் திருத்துவார். நோய்ப் பட்டியலைப் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம், இதை முடியாது.

பாதை நீளம்தான்: எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு ஐந்தரை வருஷம், எம்.டி. என்ற மேற்படிப்பு மூன்று வருஷம், பிறகு சீனியர் ரெசிடென்ட் (மேற்படிப்பு முடித்தவர் மருத்துவமனையில் பார்க்கும் வேலை), உதவிப் பேராசிரியர் என்று படிப்படியாக. சொந்த கிளினிக் போட்டால் வருமானம் பெரும்பாலும் அதிகம். பணம்தான் முதல் கவலை என்றால், சரி, கிளினிக்கே போடுங்கள்.