பழைய ஆங்கில டபுள் ரைஃபிளா (இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கி), புதியதா? எதன் விலை நிற்கும்?

பெயரையும் வயதையும் அப்புறம் பார்க்கலாம். அது எந்தத் தோட்டாவுக்குச் செய்த ரைஃபிள், அந்தத் தோட்டா இன்றைக்குக் கடையில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல வருடங்களாக ஏலப் பட்டியல்களைப் படித்துவருகிறேன். எனக்கு அடித்துச் சொல்லத் தெரிந்தது இதுதான்.

1970 வாக்கில் பிரிட்டனின் கைனாக் என்ற தோட்டா நிறுவனம், இந்த ரைஃபிள்களுக்கான பெரிய நைட்ரோ எக்ஸ்பிரஸ் வகைத் தோட்டாக்கள் செய்வதை நிறுத்திவிட்டது. போடத் தோட்டா இல்லாத ரைஃபிளை யார் வாங்குவார்? லண்டனின் பெரிய பெயர்கள் பொறித்தவைகூட மலிவாகக் கைமாறின. 1980களின் கடைசியில் அமெரிக்காவின் ஃபெடரல் நிறுவனம் அவற்றில் ஒன்றான .470 தோட்டாவை (எண் அங்குலத்தில் சொல்லும் அளவுப் பெயர்) விற்க ஆரம்பித்தது. பின்னாளில் ஹார்னடி நிறுவனமும் வந்தது. விலைகள் மீண்டும் ஏறின. கிரீகோஃப், ஹைம், மெர்க்கெல் போன்ற ஜெர்மன் நிறுவனங்களும் அதே .470க்குப் புதிய ரைஃபிள்கள் செய்ததால், சீக்கிரம் விற்பது இன்றைக்கும் அந்த அளவுதான். அந்த .470 பிறந்ததே ஒரு தடையால்தான். இந்தியாவிலும் சூடானிலும் .450 தோட்டாக்களை பிரிட்டிஷ் அரசு தடை செய்ததால், மாற்றாக 1907இல் துப்பாக்கித் தயாரிப்பாளர் ஜோசப் லாங் கொண்டுவந்தது அது.

புதிய ரைஃபிள் கடை வாசலைத் தாண்டியதுமே கொஞ்சம் விலை இறங்கிவிடும். அதே மாடலை இன்றும் ஆர்டர் கொடுத்து வாங்க முடியும் என்பதால், பழகியதற்கு முழு விலை தர யாருக்கும் மனசு வராது. லண்டனில் கையால் செய்யப்படும் சைட்லாக் (சுடும் பொறி பக்கத் தகடுகளில் பொருத்தப்பட்ட வகை) வேறு உலகம்: வருடக்கணக்கில் காத்திருப்பு, விலையும் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டும். நல்ல நிலையிலுள்ள பழையதை அந்த விலையே தாங்கிப்பிடிக்கிறது.

பழையதில் ஏமாறுவது குழலில்தான். இரண்டு குழல்களும் ஒரே இடத்தில் சுடும்படி, ஒரு குறிப்பிட்ட தோட்டாவை வைத்துச் சுட்டுச் சுட்டுப் பார்த்து முனையைச் சரிசெய்திருப்பார்கள். இந்த வேலைக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். யாராவது குழலை வெட்டியிருந்தாலோ வேறு தோட்டாவுக்கு மாற்றியிருந்தாலோ பாதி மதிப்பு அங்கேயே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத் தோட்டாக்களின் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) குழலின் உள்பக்கத்தை அரிக்கும்; சுட்டபின் சரியாகக் கழுவாத குழலில் குழிகள் தெரியும். கட்டையின் கைப்பிடிப் பகுதியில் விரிசல் இருக்கிறதா, குழல்கள் மடங்கும் கீல் ஆடுகிறதா என்றும் பாருங்கள். இரண்டு குழலிலும் மாறி மாறிச் சுட்ட இலக்குத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

தயாரிப்பாளரின் பழைய பதிவேட்டில் அந்த எண் இருப்பதும், அதோடு வந்த தோல் பெட்டி கூடவே இருப்பதும் விலையை நன்றாகக் கூட்டும். உலோகத்தில் செதுக்கிய வேலைப்பாடு அவ்வளவாகக் கூட்டாது. பின்னால் செதுக்கிச் சேர்த்தது என்றால் குறைக்கவே செய்யும்.

என்னைக் கேட்டால், வேலைப்பாடே இல்லாத, எஜெக்டர்கூட (சுட்ட தோட்டாக் கூட்டைத் தானாக வெளியே தள்ளும் பாகம்) இல்லாத, ஆனால் யாரும் கைவைக்காத ஒரு பழைய பாக்ஸ்லாக் (சுடும் பொறி நடுப்பெட்டிக்குள்ளேயே இருக்கும் எளிய வகை), .470 அல்லது .450/400 அளவில். அதைத்தான் நான் தேடுவேன்.