தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு வரிச்சலுகை உண்டா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கோவையில் வேலை, ஆண்டுச் சம்பளம் 14 லட்சம், கணவரைப் பிரிந்து எட்டு வயது மகளோடு இருக்கிறார், விவாகரத்து வழக்கு இன்னும் முடியவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பதி ஆளுக்கு 7 லட்சம் சம்பாதித்தும் வரி கட்டுவதில்லையே, எனக்கு மட்டும் ஏன்? ‘சிங்கிள் மதர் சலுகை’யில் ரீஃபண்ட் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார், நம்பலாமா? பேத்தி பெயரில் அப்பா போட்ட டெபாசிட் வட்டிக்கு யார் வரி கட்டுவது?

நம்பாதீர்கள் அம்மணி. அப்படி ஒரு சலுகையே சட்டத்தில் கிடையாது.

உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானதுதான். 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில், சம்பளக்காரர்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 75,000 போக, செஸ் என்ற கூடுதல் வரியோடு உங்களுக்கு 81,900 ரூபாய் வரி. அதே 14 லட்சம் இரண்டு பேர் பெயரில் பிரிந்து வந்தால் பூஜ்யம். நம் சட்டம் ஆளைத்தான் பார்க்கிறது, குடும்பத்தைப் பார்ப்பதில்லை. தம்பதிகள் சேர்ந்து ஒரே வரிக் கணக்கு காட்ட வழி வேண்டும் என்று 2025 பட்ஜெட்டுக்கு முன் பட்டயக் கணக்காளர் கழகம் யோசனை சொன்னதே, அது வந்திருந்தாலும் உங்களுக்கு ஒன்றுமில்லை. தனியாக வளர்ப்பவர்களை யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

அந்த ‘சலுகை’ ஆளுக்கு வருவோம். ஜெராக்ஸ் கடையில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். உங்கள் பான், பாஸ்வேர்டை வாங்கி, வருமான வரி போர்ட்டலில் தன் போன் நம்பரையும் மெயிலையும் போட்டுக்கொள்வார். சத்தமில்லாமல் உங்களை, நன்கொடைக்குக் கழிவு தரும் பழைய வரி முறைக்கு மாற்றி, நீங்கள் கேள்விப்பட்டே இராத கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாக எழுதுவார். ரீஃபண்ட் வந்ததும் தன் பங்கை வெட்டிக்கொள்வார். பிறகு வரும் நோட்டீஸும் அவர் மெயிலுக்கே போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. பொய்க் கணக்குக்கு, ஏய்த்த வரியில் 200 சதவீதம் அபராதம், அதைக் கட்டப்போவது நீங்கள். 2025 ஜூலையில் வருமான வரித்துறை நாடு முழுக்க இப்படிப்பட்ட ஆட்களைச் சோதனையிட்டும் கடை மூடினதாகத் தெரியவில்லை. இன்றே போர்ட்டலில் உங்கள் நம்பர்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

டெபாசிட் விஷயம் சிக்கல். மைனர் பிள்ளையின் வட்டி பெற்றோர் வருமானத்தோடு சேரும். தாய் தந்தையரின் திருமணம் நிலைத்திருந்தால் இருவரில் வருமானம் அதிகமானவரின் கணக்கில், நிலைக்காவிட்டால் வளர்ப்பவர் கணக்கில். வழக்கு நடக்கிறது என்பதாலேயே திருமணம் முடிந்ததாகாது, முகம் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தாலும் தீர்ப்பு வரும்வரை சட்டத்துக்கு நீங்கள் கணவன் மனைவிதான். பேசவே பேசாத மனிதரின் வருமானத்தை எங்கே போய் விசாரிப்பது, அதைச் சட்டம் எழுதினவர் யோசிக்கவில்லை. அவருடையது அதிகம் என்றால் வட்டி அவர் கணக்கில், இல்லையென்றால் உங்கள் கணக்கில். ஒருமுறை ஒருவர் கணக்கில் சேர்ந்துவிட்டால் அப்புறம் சும்மா மாறாது, மற்றவரின் வாதத்தைக் கேட்டு வரி அதிகாரி மாற்றினால்தான் உண்டு. தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். குழந்தைக்கு 1,500 ரூபாய் விலக்கு என்று ஒன்று உண்டு, பழைய முறையில் மட்டும். ஆட்டோ காசுக்கே காணாது.

அப்பா இனிமேல் கொடுப்பதைப் பேத்தி பெயரில் சுகன்யா சம்ரிதி கணக்கில் போடச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை போடலாம், வட்டிக்கு யாருக்கும் வரி இல்லை, புதிய முறையிலும்தான். பாப்பாவுக்குப் பத்து வயது ஆவதற்குள் கணக்கைத் திறந்துவிட வேண்டும், போஸ்ட் ஆபீஸிலேயே முடியும்.