நீங்க நசுக்குனது யாரைன்னு தெரியுமா தம்பி?

வணக்கம் அக்கா,

மொட்டை மாடில பத்துப் பதினஞ்சு தொட்டி வெச்சிருக்கேன். எலுமிச்சை இலைல காக்கா எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்துச்சு, குச்சியால தட்டினா நகருது! ரோஜா மொட்டு பூரா அசுவினி, அதான் அந்தச் சாறு உறிஞ்சுற குட்டிக் குட்டிப் பூச்சி. அது நடுவுல முதலைக்குட்டி மாதிரி கறுப்பா, முள்ளு முள்ளா ஒரு பூச்சி அலைஞ்சுச்சு, அதுதான் எல்லாத்துக்கும் காரணம்னு பொறுக்கிப் பொறுக்கி நசுக்கிட்டேன். ஆனா பத்து நாள்ல அசுவினி முன்னவிட ஜாஸ்தியாயிடுச்சு. ரோஜா இலை ஓரத்துல வேற யாரோ மெஷின் வெச்சு வெட்டுன மாதிரி அரைவட்டமா காணோம். பேசாம மொத்தமா மருந்து அடிச்சுடவா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலைக்குட்டின்னு படிச்சதும் சிரிச்சுட்டேன், அடுத்த வரில நசுக்கிட்டேன்னு இருந்துச்சு, சிரிப்பு நின்னுபோச்சு. அது பொறிவண்டோட புழு. சிவப்பு முதுகுல கறுப்புப் புள்ளி வெச்சு அழகா உக்காந்திருக்குமே, அதேதான், சின்ன வயசுல இப்படித்தான் பயமுறுத்துற மாதிரி இருக்கும். அசுவினி திங்கத்தான் அது அங்க வந்துச்சு, வளர்ந்து முடியறதுக்குள்ள நூத்துக்கணக்குல தின்னு தீர்த்திருக்கும். திருடன் வீட்டுக்குள்ள இருக்க, நீங்க போலீஸ்காரரைப் புடிச்சு அடிச்சிருக்கீங்க. வருத்தப்படாதீங்க, நானும் செம்பருத்தில ரெண்டு வருஷம் இதே வேலையைத்தான் பாத்துட்டு இருந்தேன், என்னமோ பெரிசா செடியக் காப்பாத்துறதா நெனப்பு வேற.

மருந்து வேணாம்னு சொல்றதுக்கும் இதான் காரணம். அசுவினிக்கு ஆண் துணையே தேவையில்ல, முட்டையும் இல்லாம நேரா குட்டி போடும், அந்தக் குட்டி வயித்துக்குள்ளயே அடுத்த குட்டி உருவாக ஆரம்பிச்சிருக்கும். பொறிவண்டு அப்படியில்ல, ஜோடி சேர்ந்து, முட்டை வெச்சு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி வெளிய வரவே சில வாரம் ஆகும். மருந்துல ரெண்டும் சாகும், ஆனா தப்பிச்ச நாலு அசுவினி ஒரு வாரத்துல குடும்பத்தோட திரும்பிடும், பொறிவண்டு வந்து சேர்றதுக்குள்ள மொட்டெல்லாம் சுருண்டு போயிருக்கும்.

அப்புறம் ஒண்ணு, ரோஜா தண்டுல எறும்பு வரிசையா ஏறுதான்னு பாருங்க, அதை நீங்க எழுதவே இல்ல. அசுவினி சாறை உறிஞ்சிட்டு மிச்ச சர்க்கரைய பின்னாடி சொட்டு சொட்டா விடும், அதைக் குடிக்க எறும்பு வரும், வந்ததும் சும்மா இருக்காது, பொறிவண்டு வந்தா கடிச்சுத் துரத்தும். மாடு மேய்க்கிற மாதிரிதான். அதனால மொதல்ல எறும்ப நிறுத்துங்க. தொட்டிக்கு அடியில கல்லு வெச்சு அந்தக் கல்லு தண்ணித் தட்டுல நிக்கட்டும், இலை எதுவும் சுவத்த தொடக்கூடாது. ரெண்டு நாளைக்கு ஒருக்கா காலைல இலைக்கு அடிப்பக்கமா பைப்ப வெச்சு நல்லா வேகமா அடிச்சு விடுங்க, கீழ விழுந்த அசுவினில முக்காவாசி மறுபடி ஏறாது. போதும்.

அந்தக் காக்கா எச்சம் ஒரு பட்டாம்பூச்சியோட புழு. பறவை கொத்தாம இருக்க அந்த வேஷம். வளர்ந்ததும் வேஷத்தக் கலைச்சுட்டு பச்சையாயிடும், அப்போ தொட்டீங்கன்னா தலைக்குப் பின்னாடி கவட்டை மாதிரி ஒரு கொம்பு சட்டுனு வெளிய வரும், நாத்தமும் வரும். செடி சின்னதா இருந்தா நாலு புழு சேர்ந்து மொட்டையடிச்சுடும், அது உண்மை. நான் இதுங்களுக்குன்னே ஒரு எலுமிச்சைய ஓரமா விட்டிருக்கேன், நல்ல செடில பாத்தா அங்க மாத்திடுவேன். அதுக்காக நான் ஒண்ணும் அகிம்சாவாதி இல்ல, ராத்திரி டார்ச் வெச்சு நத்தைய பொறுக்கறப்போ இரக்கமே வராது.

அரைவட்டம் வெட்டுனது ஒரு தேனீ. தனியா வாழுற ரகம், இலைய திங்கறதில்ல, வெட்டி எடுத்துட்டுப் போய் ஏதாவது ஓட்டைக்குள்ள சுருட்டி, மகரந்தம் வெச்சு, ஒரு முட்டை போட்டு மூடிடும். புழு தின்னா ஓரம் கண்டபடி இருக்கும், இது கத்திரில வெட்டுன மாதிரி நறுக்குனு இருக்கும். ரோஜாவுக்கு இதனால ஒண்ணும் ஆகாது, விட்டுடுங்க.

ஒரு மாசம் பொறுத்து இலைக்கு அடியில குனிஞ்சு பாருங்க, மஞ்சளா நீளநீளமா குட்டி முட்டைங்க கும்பலா நிமிர்ந்து நின்னுச்சுன்னா அது பொறிவண்டு முட்டை, போட்டோ எடுத்து அனுப்புங்க, அனுப்புற வரைக்கும் எதையும் நசுக்காதீங்க.

அன்புடன்,
அக்கா