கடைவாசல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டிலேயே யாழ்ப்பாண முறையில் வறுத்துத் திரித்த மிளகாய்த்தூள் விற்கிறேன். பேஸ்புக்கில் 15,000 ரூபா கட்டி, என் பதிவை நிறையப் பேருக்குக் காட்டும்படி 'பூஸ்ட்' செய்தேன். லைக் குவிந்தது, வாங்கியவர்கள் நாலைந்து பேர்தான். இப்போது ஒரு தம்பி 40,000 தந்தால் வீடியோ எடுத்துப் பிரபலமாக்குகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? தூள் ஒரு பை அனுப்பியிருக்கிறேன். – வாசகி, வெள்ளவத்தை

பதில்: இப்போதைக்கு வேண்டாம், தங்கச்சி. தம்பி கெட்டிக்காரராகவே இருக்கட்டும். வீடியோவைப் பார்த்து வாயூறுகிறவர் டொரொன்டோவில் இருந்தால் உங்களுக்கு என்ன லாபம்? லைக் போட்டவர்கள் யார் யார் என்று ஒருதரம் தட்டிப் பாருங்கள். வெளிநாட்டுக்காரரும் சொந்தக்காரரும்தான் நிறைய இருப்பார்கள். (சொந்தக்காரர் காசு கொடுத்து வாங்கினால் எனக்கும் சொல்லுங்கள்.)

விளம்பரத்தை முற்றாக விடச் சொல்லவில்லை. அடுத்தமுறை பூஸ்ட் செய்யும்போது, யாருக்குக் காட்டுவது என்று பேஸ்புக் இடம் கேட்டால் 'இலங்கை' என்று விடாமல், வரைபடத்தில் வெள்ளவத்தையில் புள்ளி வைத்துச் சுற்றுவட்டத்தைச் சில கிலோமீற்றருக்குச் சுருக்குங்கள். பம்பலப்பிட்டியும் தெஹிவளையும் உள்ளே வந்தால் போதும். நோக்கம் என்று கேட்கும் இடத்தில் 'மெசேஜ்' என்பதைத் தெரிவு செய்து உங்கள் வட்ஸ்அப் எண்ணையும் இணைத்துவிட்டால், அழுத்துகிறவர் நேரே உங்கள் வட்ஸ்அப்புக்கு வருவார். சில ஆயிரம் ரூபாவில் பரீட்சித்துப் பார்க்கலாம்.

சரி, இப்போது பைக்கு வருவோம். தூள் முதல்தரம். பிரிக்க முன்னமே பெருஞ்சீரக வாசம் மேசையெல்லாம் பரவிவிட்டது. லேபிளில் பிள்ளையார் இருக்கிறார், தாமரை இருக்கிறது, உங்கள் தொலைபேசி எண்ணைத்தான் காணோம்! அதை அடித்தாலும் பாதி வேலைதான் முடியும். வாங்குகிற அம்மா என்ன செய்வார்? தூளைப் போத்தலில் கொட்டிவிட்டுப் பையைக் குப்பையில் போடுவார். தூள் முடிகிற அன்று கையில் போத்தல் மட்டும்தான் இருக்கும். ஆகவே பைக்குள் ஒரு சின்ன ஸ்டிக்கர் வையுங்கள், போத்தலில் ஒட்டுவதற்கு. பெயரும் எண்ணும் போதும். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் சாமான் விற்று நான் கண்டது இதுதான்: முதல்முறை வாங்க வைப்பதற்குத்தான் எல்லோரும் காசைக் கொட்டுகிறார்கள், இரண்டாம்முறை வருகிறவர்தான் கடையை நடத்துகிறார்.

வட்ஸ்அப்பில் 'பிராட்காஸ்ட்' பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்புவதற்கு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். பையைக் கொடுக்கும்போதே, "அக்கா, தூள் என்று போட்டு நம்பரைப் பதிஞ்சு வையுங்கோ" என்று கேட்டுவிடுங்கள். அப்புறம் தினமும் காலை வணக்கப் பூப்படம் அனுப்பாதீர்கள், பேசாமல் புளொக் பண்ணிவிடுவார்கள். வறுக்கிற நாளுக்கு முதல்நாள் மட்டும், "நாளைக்கு வறுக்கிறேன், எவ்வளவு வேண்டும்?" என்று கேளுங்கள்.

கூகுள் மேப்பிலும் உங்கள் தொழிலை இலவசமாகப் பதியலாம். வீட்டு விலாசம் தெரிய வேண்டாம் என்றால் மறைத்துவிட்டு, பொதி கொண்டுபோய்க் கொடுக்கும் பகுதியை மட்டும் காட்டலாம். தனியாக வீட்டிலிருந்து தொழில் செய்கிற பெண்களுக்கு அதுதான் நல்லது.

நிறை, சேர்மானம், தயாரித்த திகதி, முடிவுத் திகதி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். நாளைக்குக் காலி வீதியில் ஒரு கடைக்காரர் தட்டில் வைக்கச் சம்மதித்தால், முதலில் இவற்றைத்தான் கேட்பார்.

கேள்வி: தையற்கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முதல் கிழமை 20 வீதம் கழிவு என்று நோட்டீஸ் அடிக்கலாமா? – வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அந்தக் கிழமையில் நீங்களே ஆட்களைத் திருப்பி அனுப்புவீர்கள், அதற்குள் கழிவு எதற்கு? கழிவு கொடுப்பதென்றால் ஒரு மாதம் முந்தித் துணி கொண்டுவருகிறவருக்குக் கொடுங்கள். நோட்டீசுக் காசும் மிச்சம்: உங்கள் அளவுக் கொப்பியில் பெயரும் போன் நம்பரும் வரிசையாக இருக்குமே, அவர்களுக்கு ஒவ்வொருவராக எடுத்துக் கதையுங்கள். போன வருடம் தைத்த சட்டையின் நிறத்தை ஞாபகமாகச் சொன்னால் ஆள் வந்தே தீருவார். கதவில் "துணி ஏற்கும் கடைசித் திகதி" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், சிங்களத்திலும் சேர்த்து. தீபாவளி முடிந்த கையோடு நத்தார் உடுப்பு தைக்க வருகிறவர்களும் அதே கதவால்தானே வரப்போகிறார்கள்.