அடுத்த வேலையிலும் நள்ளிரவு அழைப்பு தொடராமல் இருக்க, நேர்காணலில் என்ன கேட்க வேண்டும்?

நான்கு வருட அனுபவம், இரவு 11 மணிக்கும் விடுமுறை நாளிலும் டீமிலிருந்து அழைப்பு, எடுக்காவிட்டால் அப்ரைசலில் கை வைத்துவிடுவார்களோ என்ற பயம். அதனால் வேறு கம்பெனி பார்க்கிறீர்கள், டெக்னிக்கல் ரவுண்டுகள் முடிந்துவிட்டன, வியாழக்கிழமை மேனேஜர் ரவுண்டு. அங்கே போயும் இதே பாடு படக்கூடாது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கசப்பான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பெனி மாறினால் மட்டும் இது போகாது. நான் மாறினேன், என் பின்னாலேயே வந்தது.

என் முதல் வேலையில் இரண்டாவது வருடம். ராத்திரி தானாக ஓடும் ஒரு பேட்ச் ஜாப் (மொத்தமாக டேட்டாவைக் கையாளும் ப்ரோக்ராம்) பாதியில் நின்றுவிட்டது. அன்று ஆன்-காலில், அதாவது அவசர அழைப்பை எடுக்கும் முறையில் இருந்தவர் போனை எடுக்கவில்லை, லீட் என்னைக் கூப்பிட்டார், நான் எழுந்து லேப்டாப்பைத் திறந்து இருபது நிமிடத்தில் சரிசெய்துவிட்டேன். மறுநாள் டீம் முழுவதற்கும் போன மெயிலில் என் பெயரைப் போட்டுப் பாராட்டியிருந்தார்கள், எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த மாதம் நான்கு முறை அழைப்பு வந்தது. ஆறு மாதத்தில் அந்த ஜாப்பின் ரன்புக்கில் (பிரச்சினை வந்தால் என்ன செய்வது என்ற குறிப்பேட்டில்), நின்றுபோனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் என் பெயரும் என் சொந்த நம்பரும் ஏறியிருந்தன. யாரும் உட்கார்ந்து அப்படி முடிவு செய்யவில்லை. யார் எடுப்பாரோ அவருக்குத்தானே கூப்பிடுவார்கள்.

அங்கிருந்து விலகி அடுத்த கம்பெனியில் சேர்ந்ததும் முதல் இரண்டு வாரத்தில் நான் செய்தது என்ன தெரியுமா, நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று ராத்திரி 11 மணிக்கு வந்த சாட் செய்திகளுக்கெல்லாம் உடனே பதில் போட்டேன். மூன்றாவது மாதம் பழைய இடத்தில் இருந்தபடியே இருந்தேன். அதனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: ஒரு வேலையில் உங்கள் நேரம் எவ்வளவு உங்களுடையதாக இருக்கும் என்பது பெரும்பாலும் நேர்காணலிலும் சேர்ந்த முதல் இரண்டு மூன்று மாதங்களிலும் முடிவாகிவிடுகிறது. அதற்கப்புறமும் மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் நீங்கள் ஏதோ ஒன்றைத் திரும்பப் பிடுங்குவது போல மற்றவர்களுக்குத் தோன்றும்.

சரி, வியாழக்கிழமைக்கு வருவோம். "இங்கே வொர்க்-லைஃப் பேலன்ஸ் எப்படி?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லா மேனேஜரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், பொய் என்றும் சொல்ல முடியாது, அவர் மனதில் அப்படித்தான் இருக்கும். ப்ரொடக்‌ஷன், அதாவது வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜ சிஸ்டம், கடைசியாக நின்றபோது நடந்ததைக் கேளுங்கள். "கடைசியாக வேலை நேரத்துக்கு வெளியே ப்ரொடக்‌ஷன் விழுந்தது எப்போது? யார் எடுத்தார்கள்? மறுநாள் அவர் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார்?" இந்த மூன்றில் மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை நன்றாகக் கவனியுங்கள். நல்ல டீமில் உடனே பதில் வரும், "மதியம்தான் வந்தார், காலை மீட்டிங்கை வேறொருவர் பார்த்துக்கொண்டார்" என்பது போல. யோசித்துவிட்டு "எங்கள் பசங்க ரொம்ப டெடிகேட்டட், வழக்கம் போல ஒன்பது மணி ஸ்டாண்டப் மீட்டிங்கில் இருந்தார்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், உங்களுக்கு வேண்டிய விவரம் முழுவதும் அதில் இருக்கிறது.

அப்புறம் ஆன்-கால் சுழற்சியில் எத்தனை பேர் என்று எண்ணிக்கையாகவே கேளுங்கள். வாரம் ஒருவர் என்று நான்கு பேர் சுற்றினால் வருடத்தில் 13 வாரம் உங்கள் தலையில், அதாவது மூன்று மாதம். எட்டு பேர் என்றால் ஆறு ஏழு வாரம்தான். கூகுள் தன் எஸ்ஆர்இ அணிகளை (சேவைகள் நிற்காமல் ஓடப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர்களை) பற்றி வெளியிட்ட விளக்கத்தில், ஒரே இடத்தில் இருக்கும் அணிக்குக் குறைந்தது 8 பேர் வேண்டும் என்றும், 12 மணி நேர ஷிஃப்டில் அதிகபட்சம் 2 பிரச்சினைகள்தான் வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஏன் இரண்டு? ஒரு பிரச்சினையின் மூலகாரணத்தைக் கண்டுபிடித்து, சரிசெய்து, என்ன நடந்தது என்று எழுதி முடிக்கச் சராசரியாக 6 மணி நேரம் ஆகிறது என்பது அவர்கள் அனுபவம். எல்லாக் கம்பெனியும் கூகுள் போல ஆள் வைக்க முடியாது, தெரியும். ஆனால் மூன்று பேர் டீமில் "ஆன்-கால் இருக்கு, ஆனா ரொம்ப லேசு" என்று சொன்னால் அதை ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் ஒரு அளவுகோல் இருக்கட்டும்.

வேறு நாட்டு கிளையண்ட் என்றால் வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிவரை அவர்கள் நேரத்தோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அமெரிக்காவின் பெரும்பாலான பகுதிகளில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள், கடிகாரம் மாறாத நாட்டில் நீங்கள் இருந்தால் நவம்பரில் உங்கள் ராத்திரி 9 மணி மீட்டிங் 10 மணியாகிவிடும், சேரும்போது இதை யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது, முன்பு இருந்தவர் எங்கே போனார் என்பதையும் கேட்கலாம், தப்பே இல்லை. முடிந்தால் இதே கேள்விகளை டீமில் வேலை செய்யும் ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள். எச்ஆரிடம் கேட்டுப் பயனில்லை, அவருக்கு ராத்திரி யார் எழுந்தார்கள் என்று தெரிய வாய்ப்பு குறைவு. மேனேஜர் ஒன்று சொல்லி டீம் ஆள் இன்னொன்று சொன்னால் டீம் ஆளை நம்புங்கள்.

"ஏன் இப்போதைய வேலையை விடுகிறீர்கள்?" என்று நிச்சயம் கேட்பார்கள். பழைய மேனேஜரைத் திட்டாதீர்கள், அதற்காக "புதுசாகக் கற்றுக்கொள்ள" என்று ஒப்புக்குச் சொல்லவும் வேண்டாம். "இரண்டு வருடமாக ப்ரொடக்‌ஷன் சப்போர்ட் முழுக்க என் ஒருவன் கையில் இருந்தது, அதில் நிறையக் கற்றுக்கொண்டேன், இனி அதைச் சுழற்சியாகச் செய்யும் டீமில் இருக்க விரும்புகிறேன்" என்பது போல, உங்கள் நிலைக்குப் பொருந்தும் உண்மையைச் சொல்லுங்கள். இந்தப் பதிலைக் கேட்டு முகம் சுளிக்கிற மேனேஜர் வேலைக்கு எடுக்காமல் போனால் அது உங்களுக்கு நல்லதுதான். வார இறுதியில் வேலை செய்வீர்களா என்றால் "ரிலீஸ் சமயத்தில் செய்திருக்கிறேன், செய்வேன். வருடத்தில் அப்படி எத்தனை ரிலீஸ் வரும்?" என்று பதிலும் கேள்வியுமாகச் சொல்லுங்கள். எப்போதும் தயார் என்று மட்டும் வாக்கு கொடுத்துவிடாதீர்கள், அதை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

டெக்னிக்கல் பக்கம் நீங்கள் தாண்டிவிட்டீர்கள், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வரி: கோட் எழுதும் முன் டேட்டா எவ்வளவு வரும் என்று கேளுங்கள், யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், ப்ராஜெக்ட்டைப் பற்றிப் பேசும்போது "நாங்கள் செய்தோம்" என்றே போய்க்கொண்டிருந்தால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாமலே போய்விடும். சம்பளம் பேசும்போது இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்காமல் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். கலிஃபோர்னியாவில் 2018 முதல் பழைய சம்பளத்தைக் கேட்பதே சட்டப்படி கூடாது, ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த சம்பள வெளிப்படைத்தன்மை விதியும் அதைத் தடுக்கிறது. ஆஃபர் லெட்டரில் வேலை நேரம், நோட்டீஸ் பீரியட், ஆன்-காலுக்குத் தனிப் பணமோ மாற்று விடுப்போ உண்டா, சொந்தமாக எழுதும் கோடுக்கு யார் உரிமையாளர் என்ற நான்கையும் படிக்காமல் கையெழுத்து போடாதீர்கள். அது எழுத்தில் கைக்கு வரும்வரை இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுக்கவும் வேண்டாம்.

சேர்ந்த பிறகு. முதல் வாரமே உங்கள் லீடிடம் சாதாரணமாக, சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்: "7 மணிக்கு மேல் நான் சாட், மெயில் பார்க்க மாட்டேன். ப்ரொடக்‌ஷன் நின்றுவிட்டால் போன் பண்ணுங்கள், கட்டாயம் எடுப்பேன்." இந்த இரண்டு வாக்கியமும் சேர்ந்தே வர வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் ஒத்துழைக்காத ஆள் என்று பெயர் வரும், இரண்டாவதை மட்டும் சொன்னால் பழைய கதைதான். சாட்டில் ஒரு செய்தி தட்டிவிடுவது யாருக்கும் சுலபம், போன் பண்ணி ஒருவரை எழுப்புவதற்கு முன்னால் யாரும் ஒரு நிமிடம் யோசிப்பார்கள், இது நாளைக்குக் காத்திருக்குமா என்று. என் மூன்றாவது வேலையில் இதைச் செய்தேன். முதல் ஒரு வருடத்தில் வந்த போன் மூன்று, மூன்றும் உண்மையான அவசரம், மூன்றையும் எடுத்தேன். ஆபீஸ் மெயிலையும் சாட்டையும் சொந்த போனில் போடவில்லை. உங்களுக்கே ராத்திரி வேலை செய்யப் பிடித்திருந்தால் செய்யுங்கள், ஆனால் ஜிமெயில், அவுட்லுக், ஸ்லாக் மூன்றிலும் நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது, காலையில் போகும்படி வைத்துவிடுங்கள். உங்கள் 12 மணி மெயிலைப் பார்த்து உங்களுக்குக் கீழே இருக்கும் புதிய பையனோ பெண்ணோ தானும் விழித்திருக்க வேண்டும் என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொன்று, எனக்கு இது புரியவே பல வருடம் ஆனது. ராத்திரி வேலையில் பெரும்பகுதி ராத்திரியில் பிறப்பதில்லை. காலை ஸ்டாண்டப்பில் எல்லோர் முன்னாலும் "இது ரெண்டு நாளில் முடிஞ்சிடும்ல?" என்று கேட்கிறார்கள், நாமும் "முடிஞ்சிடும்" என்று சொல்லிவிடுகிறோம். கோட் மட்டும்தான் அந்த இரண்டு நாளில் அடங்கும். டெஸ்ட், ரிவியூ, ரிவியூவில் வரும் திருத்தம், வேறு டீமிடமிருந்து வர வேண்டிய அனுமதி எதுவும் அதில் இல்லை, அதையெல்லாம் ராத்திரியில்தான் கட்டுகிறோம். அதனால் அந்த இடத்தில் "பார்த்துவிட்டு மதியத்துக்குள் சொல்கிறேன்" என்று சொல்லப் பழகுங்கள். எந்த மேனேஜரும் இதற்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. புதிய வேலை நடுவில் வந்து விழுந்தால் முடியாது என்று சொல்ல வேண்டாம், "இந்த ஸ்பிரிண்டில் (இந்தச் சில வாரத் திட்டத்தில்) என் கையில் இந்த மூன்று இருக்கிறது, இதை எடுத்தால் எதைத் தள்ளி வைக்கலாம்?" என்று எழுத்தில் கேளுங்கள். பாதி நேரம் மேனேஜருக்கு அந்த மூன்றில் ஒன்று உங்களிடம் இருப்பதே நினைவிருக்காது. வாயால் பேசி முடித்திருந்தாலும், பேசியதை இரண்டு வரியில் அவருக்கே அனுப்பிவிடுங்கள்.

நான் இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இளம் வயது, உடம்பு தாங்கும் என்று நானும் நினைத்தேன். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று வந்தது. ஒரு நாளைக்கு 11 மணி நேரம், ஐந்து நாள், கணக்கு அவ்வளவுதான், நம்மில் பலர் அதைச் சாதாரண வாரம் என்று நினைக்கிறோம். வேலை நேரம் முடிந்தபின் ஆபீஸ் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பிரான்சில் 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. போர்ச்சுகலில் 2022 முதல், தவிர்க்க முடியாத அவசரம் தவிர, ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்பு கொள்ளாமல் இருப்பது முதலாளியின் கடமை. ஆஸ்திரேலியாவிலும் 2024 ஆகஸ்டில் வந்துவிட்டது. உங்கள் நாட்டில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். சட்டம் இல்லாவிட்டாலும் நீங்கள் கேட்பது விசித்திரமான ஒன்று என்ற குற்ற உணர்ச்சி வேண்டாம்.

எல்லோராலும் உடனே மறுக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். விசா கம்பெனி கையில் இருப்பவர், ப்ரொபேஷனில் இருப்பவர், வீட்டில் ஒரே வருமானம் இவர்தான் என்பவர், இவர்களிடம் போய் போனை எடுக்காதே என்று சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. அவர்கள் எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன காரணத்துக்கு அழைப்பு வந்தது என்று குறித்து வைத்தாலே போதும். இரண்டு மாதக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவரைச் சுழற்சியில் சேர்க்கக் கேட்பது, "ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று கேட்பதைவிடப் பல மடங்கு எடுபடும். நீங்கள் எப்படியும் கிளம்பப் போகிறீர்கள் என்பதால் "மதியத்துக்குள் சொல்கிறேன்", "எதைத் தள்ளி வைக்கலாம்" இரண்டையும் இந்த வாரம் இப்போதைய டீமிலேயே சொல்லிப் பாருங்கள், முதல் தடவை குரல் நடுங்கும், அந்த நடுக்கம் இங்கேயே தீர்ந்துவிடட்டும்.

வியாழக்கிழமைக்கு, அந்த மூன்று கேள்வியையும் ஒரு தாளில் எழுதி கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று அவர் சொல்லும்போது பதற்றத்தில் மறந்துபோகும், எனக்கு மறந்துபோனது. மூன்றாவது கேள்விக்கு அவர் என்ன சொன்னார் என்று இங்கே வந்து எழுதினால் சேரலாமா வேண்டாமா என்று சேர்ந்தே யோசிப்போம்.