ஷூமாக்கர் மட்டும் ஒரே வீட்டிலா விளக்கேற்றினார்?

கேள்வி: ஃபார்முலா 1 கார் ரேஸில் லூயிஸ் ஹாமில்டன் மெர்சிடிஸ் டீமை விட்டுட்டு ஃபெராரிக்குப் போனது சோறு போட்ட வீட்டுக்குச் செய்த துரோகம்தானே? பணத்துக்கு ஆசைப்பட்டுப் போனார், 2025 முழுக்க ஒரு போடியம்கூட (முதல் மூன்று இடத்துக்கான மேடை) ஏறவில்லை. நல்லா வேணும்! ஷூமாக்கர் மாதிரி ஒரே டீமில் நிலைத்து நிற்க இவர்களுக்கு ஏன் முடிவதில்லை? ஐந்து வருடத்துக்கு டீம் மாறக் கூடாது என்று சட்டம் போட்டால் என்ன? (நான் குறிச்சி சிட்கோவில் சிஎன்சி ஆபரேட்டர். தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு வேறு பட்டறையில் சேர்ந்துவிட்டேன். இப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை ரேஸை முழுசாகப் பார்க்க வாய்க்கிறது. பதில் விரிவாக வேண்டும்.)
— ஒரு வாசகர், வேலந்தாவளம்

பதில்: பாதிப் பதிலை அடைப்புக்குறிக்குள் நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள். போனஸை எண்ணி வாங்கி மடியில் கட்டிக்கொண்டு பட்டறை மாறிய கை, எல்லை செக்போஸ்ட் தாண்டி வீடு வந்ததும் 'சோறு போட்ட வீடு' என்று எழுதுகிறது. நீங்கள் மாறியது தப்பு என்று சொல்லவில்லை, தாராளமாக மாறுங்கள். ஆனால் வேலந்தாவளத்துக்கு ஒரு நியாயம், ஹாமில்டனுக்கு ஒரு நியாயமா?

ஷூமாக்கர் விஷயத்துக்கு வருவோம். 1991 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஸ்பாவில் அவர் முதன்முதலாக இறங்கியது ஜோர்டான் என்ற டீமின் காரில். அடுத்த ரேஸ் இத்தாலியின் மொன்சா. அங்கே பெனட்டன் டீமின் காரில் உட்கார்ந்திருந்தார். ஜோர்டானில் ஓட்டியது ஒரே ஒரு ரேஸ்! ஜோர்டான் கோர்ட்டுக்குப் போயும் பலிக்கவில்லை. அந்தக் களேபரத்துக்குப் பிறகுதான் இந்த மாதிரி ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்க ஒரு வாரியமே உருவானது. பெனட்டனிலாவது தங்கினாரா? 1994, 1995 இரண்டு வருடமும் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, நடப்புச் சாம்பியனாகவே 1996இல் ஃபெராரிக்குக் கிளம்பினார். கொஞ்ச நாளில் பெனட்டனின் தொழில்நுட்பத் தலைவர் ராஸ் பிரானும் கார் வடிவமைப்பாளர் ரோரி பைர்னும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். அதாவது பெனட்டனின் மூளையும் கைமாறியது. நீங்கள் மனதில் வைத்திருக்கும் ஃபெராரியின் சிவப்புச் சட்டை ஷூமாக்கர் அதற்கப்புறம் வந்தவர். அவருக்கும் ஃபெராரியில் முதல் பட்டம் 2000இல்தான், ஐந்தாவது சீசனில்.

2010இல் திரும்பி வந்தபோது அவர் சேர்ந்தது மெர்சிடிஸ். 2013இல் அவர் இடத்தில் வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? சாட்சாத் ஹாமில்டன்.

அப்போது ஹாமில்டனுக்குச் சோறு போட்ட வீடு மெக்லாரன். 13 வயதுப் பையனாக இருந்தபோதே கைதூக்கிவிட்டு, 2007இல் காரைக் கொடுத்து, 2008இல் உலக சாம்பியனாக்கிய டீம். அதை விட்டுவிட்டு, 2012 முழுவதும் ஒரே ஒரு ரேஸ் ஜெயித்த மெர்சிடிஸுக்குப் போகிறாரே என்று சிரிக்காத ஆள் இல்லை. 2014இல் இன்ஜின் விதிகள் அடியோடு மாறப்போகின்றன, அதற்கு மெர்சிடிஸ் பலமாகத் தயாராகிறது என்று, அப்போது மெர்சிடிஸ் பக்கம் இருந்த ராஸ் பிரானும் முன்னாள் சாம்பியன் நிக்கி லாடாவும் எடுத்துச் சொன்னதை நம்பிப் போனார். மெர்சிடிஸில் ஆறு பட்டம். மெக்லாரனோ 2013இல் ஒரு போடியம்கூட ஏறாமல், அடுத்த வெற்றிக்கு 2021 மொன்சா வரை காத்திருந்தது. நீங்கள் உச்சிமுகரும் மெர்சிடிஸ் ஹாமில்டனே உங்கள் கணக்குப்படி ஒரு துரோகத்தில் பிறந்தவர்தான். அந்தத் துரோகம் மட்டும் எப்படி இனித்தது?

பணமே இல்லை என்று சொல்ல நான் ஹாமில்டனின் ஆடிட்டர் அல்ல. ஆனால் மெர்சிடிஸோடு போட்ட இரண்டு வருட ஒப்பந்தத்திலேயே முதல் வருடம் முடிந்ததும் விலகலாம் என்று ஷரத்து இருந்தது. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஷரத்தைப் பயன்படுத்துவது துரோகமா? 2024 பிப்ரவரி 1 அன்று, அந்த சீசன் தொடங்கும் முன்பே அறிவித்தார். அதில் எனக்கும் வருத்தம் உண்டு. வருடம் முழுவதும் பிரிவுபசார விழாவாகவே ஓடியது. அதிலும் பிரிட்டனின் சில்வர்ஸ்டோனையும் ஸ்பாவையும் ஜெயித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

2025இல் என்ன ஆயிற்று என்பது உங்களைப் போல் மெஷின் ஓட்டுகிறவருக்குத்தான் நன்றாகப் புரிய வேண்டும். மெர்சிடிஸில் ஹாமில்டன் வேகம் குறைக்க இன்ஜின் பிரேக்கிங்கை (இன்ஜின் இழுவையாலேயே வேகத்தை அடக்குவது) நம்பியதே இல்லையாம், ஃபெராரியில் அதுதான் பழக்கம். பன்னிரண்டு சீசன் காலில் ஊறிய பிரேக் பழக்கத்தை 40 வயதில் மாற்ற வேண்டியிருந்தது. ரேடியோவில் காதில் பேசும் இன்ஜினியரும் புதியவர். மெர்சிடிஸில் அந்த வேலையில் இருந்த போனோ அரை வார்த்தையில் முடிப்பார். மயாமியில், சக ஓட்டுநர் லெக்லெரைத் தாண்டி முன்னால் போக விடும் முடிவை ஃபெராரி பிட்வால் (ஓரத்தில் உட்கார்ந்து ரேஸை வழிநடத்தும் டீம் ஆட்கள்) இழுத்தடித்தபோது, அப்படியே ஒரு டீயும் குடித்துவிட்டு வாருங்களேன் என்று ரேடியோவில் குத்தினார் ஹாமில்டன். ஷாங்காயில் ஸ்பிரிண்ட் எனும் குட்டி ரேஸை ஜெயித்ததோடு சரி. போடியம் இல்லை என்பது உண்மை. அதே காரில் லெக்லெர் பல போடியம் ஏறினார் என்பதும் உண்மை, ஆகவே பழியை எல்லாம் கார் மேல் போட மாட்டேன். ஆனால் லெக்லெரும் ஒரு ரேஸ் ஜெயிக்கவில்லையே. அவர் எந்த டீமுக்குத் துரோகம் செய்தாராம்?

உங்கள் கோபத்துக்கு ஆள் வேண்டுமென்றால் டீம்கள் பக்கம் திரும்புங்கள். ஹாமில்டனுக்காக இடம் காலி செய்யச் சொல்லப்பட்ட கார்லோஸ் சைன்ஸ், அதே 2024இல் ஃபெராரிக்கு ஆஸ்திரேலியாவையும் மெக்சிகோவையும் ஜெயித்துக் கொடுத்தார். கடைசியில் வில்லியம்ஸ் டீமுக்குப் போய்ச் சேர்ந்தார். 1996இல் டேமன் ஹில் வில்லியம்ஸுக்கு உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். சீசன் முடியும் முன்பே, அடுத்த வருடம் நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 2025இல் லியாம் லாசனுக்கு ரெட் புல் கொடுத்த அவகாசம் இரண்டே ரேஸ். இந்த டீம்களையெல்லாம் துரோகிகள் என்று யாரும் எனக்குக் கடிதம் போடவில்லை.

நம்ம பக்கத்துக் கதையே இருக்கிறது. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே உங்களுக்கு பைக்கில் போய்வரும் தூரம். அந்தக் கோயம்புத்தூர் மண்ணிலிருந்து போன நரேன் கார்த்திகேயன் 2011இல் எச்ஆர்டி என்ற டீமின் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். பாதி சீசனில் அவரை எழுப்பிவிட்டு, ரெட் புல் வளர்த்த டேனியல் ரிக்கார்டோவை உட்கார வைத்தார்கள். அக்டோபர் 30, கிரேட்டர் நொய்டாவில் இந்தியா தன் முதல் கிராண்ட் பிரியை நடத்தியபோது, அந்த ஒரு ரேஸுக்கு மட்டும் நரேனைக் கூப்பிட்டுக் கார் கொடுத்தார்கள்.

ஐந்து வருடச் சட்டம் வேண்டாம். மோசமான காரில் மாட்டிய நல்ல ஓட்டுநர் ஐந்து வருடம் அதிலேயே புழுங்க வேண்டும், டீமோ நஷ்டஈடு கொடுத்து அவரை வெளியேற்றிவிடும். சீசன் நடுவே ஓட்டுநரை இறக்கிவிடக் கூடாது என்று டீம்களுக்குச் சட்டம் கேட்டு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.