மிதித்தால் திணறும் வண்டி: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பெட்ரோல் கார், 70,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சிக்னலில் கிளம்பும்போது மிதித்தால் ஒரு நொடி திணறி, அப்புறம்தான் இழுக்கிறது. மெக்கானிக் ஃப்யூவல் பம்பை மாற்றச் சொல்கிறார்.

பதில்: கேஜ் மாட்டி பெட்ரோல் பிரஷர் பார்த்தாரா என்று முதலில் கேளுங்கள். பம்ப் சோர்ந்தால் பெரும்பாலும் மேட்டிலும் முழு மிதியிலும்தான் இழுவை குறையும். கிளம்பும்போது மட்டும் திணறினால் என் முதல் சந்தேகம் த்ராட்டில் பாடி, அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பாகம். உள்ளே இருக்கும் தட்டின் ஓரத்தில் கரி படிந்திருக்கும், அதற்கான க்ளீனர் அடித்துத் துடைத்தால் போதும். சில வண்டிகளில் துடைத்தபின் ஸ்கேனரில் ஐடில் ரீலேர்ன் செய்ய வேண்டும், அதாவது மிதிக்காமல் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தை (ஐடில்) வண்டியின் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐடில் ஏறி இறங்கும்.

கேள்வி: செக் எஞ்சின் லைட் எரிகிறது, கோட் பி0171. ஆக்சிஜன் சென்சாரை மாற்றியும் திணறல் போகவில்லை.

பதில்: பாவம், அந்த சென்சார் தன் வேலையைத்தான் செய்திருக்கிறது! காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதுதான் அந்த கோட், சென்சார் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஸ்கேனரில் ஃப்யூவல் ட்ரிம் பாருங்கள், அது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு: ஐடிலில் பிளஸ் 20 காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது, அதனால் வேக்குவம் ஹோஸ், இன்டேக் கேஸ்கெட், த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கும் ரப்பர் குழாயின் மடிப்புகள் எல்லாவற்றையும் விரித்துப் பாருங்கள், வெடிப்பு மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். மாறாக ஐடிலில் சரியாக இருந்து, எஞ்சின் பாரம் இழுக்கும்போது (லோடில்) ஏறினால், பெட்ரோல் போதவில்லை அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் அழுக்கு. மாஃப்புக்கென்று தனி ஸ்ப்ரே இருக்கிறது, கார்ப் க்ளீனரை அதன்மேல் அடித்துவிடாதீர்கள்.

கேள்வி: பெட்ரோலில் நன்றாக ஓடுகிறது, சிஎன்ஜிக்கு மாற்றினால் ஜெர்க் அடிக்கிறது. கிட்தான் கோளாறா?

பதில்: கிட்டைக் கழற்றுவதற்கு முன் ப்ளக்கைக் கழற்றுங்கள். கேஸைப் பற்றவைக்க ப்ளக்கில் அதிக வோல்டேஜ் வேண்டும், தேய்ந்து முனைகளின் இடைவெளி (கேப்) கூடிய ப்ளக் பெட்ரோலில் சமாளித்துவிடும், கேஸில் மாட்டிக்கொள்ளும். ப்ளக் சரி என்றால் அடுத்து ப்ளக்குக்கு வோல்டேஜ் கொடுக்கும் காயில், அப்புறம் கேஸ் ஃபில்டர்.

கேள்வி: சார், டர்போ டீசல். மிதித்தால் கரும்புகை, இழுவையே இல்லை.

பதில்: டீசல் வருகிறது, காற்றுதான் போதவில்லை. டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் ஆயில் ஈரம் இருக்கிறதா, மிதிக்கும்போது உஸ் என்று சத்தம் வருகிறதா பாருங்கள். ஹோஸ் நன்றாக இருந்தால், புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி விடும் இஜிஆர் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம். புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் ஃபில்டர் பக்கம் போங்கள்.

கேள்வி: நாலாவது கியரில் மிதித்தால் ஆர்பிஎம் விர்ரென்று ஏறுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை. இதுவும் த்ராட்டில் பாடியா?

பதில்: எஞ்சினைத் தொடாதீர்கள், கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது பிடிமானம் இல்லாமல் வழுக்குகிறது.